சிக்ஸ்த் ஃபார்மில் முதல்முறையாக உளவியல் நடத்தப்போகிறீர்களா?

கோடை விடுமுறைக்கு மூன்று வாரம் இருந்தது. துணைத் தலைமையாசிரியர் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, "செப்டம்பரிலிருந்து ஏ லெவல் உளவியல் தொடங்குகிறோம், நீங்கள்தான் எடுக்கிறீர்கள்" என்றார். நான் அதுவரை உயிரியல் நடத்திக்கொண்டிருந்தவள். உளவியலில் பட்டம் கிடையாது. "இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பாடம்தானே?" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

இங்கிலாந்தில் பலர் இப்படித்தான் இந்தப் பாடத்துக்குள் வந்து விழுகிறார்கள். சமீப ஆண்டுகளில் ஏ லெவலில் (பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டான சிக்ஸ்த் ஃபார்மில் படித்து எழுதும் தேர்வு) கணிதத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் எழுதுவது உளவியல். பிள்ளைகள் கேட்கிறார்கள், பள்ளி தொடங்கிவிடுகிறது, யாராவது எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த யாராவது நீங்களாக இருந்தால், முதல் வருடம் எனக்கு யாரும் சொல்லாத விஷயங்களை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பாடத்திட்டம், பாடநூல் அப்புறம்

இங்கே ஏ லெவல் உளவியலை ஏ.கியூ.ஏ., ஓ.சி.ஆர்., எடெக்செல், எடுகாஸ் என்று நான்கு தேர்வு வாரியங்கள் நடத்துகின்றன. பெரும்பாலான பள்ளிகள் எடுப்பது ஏ.கியூ.ஏ. ஓ.சி.ஆர். முக்கியமான ஆய்வுகளை நடுவில் வைத்துப் பாடத்தைக் கட்டுகிறது. எடெக்செலில் அடிப்படைத் தலைப்பு ஒவ்வொன்றிலும் மாணவர்களே ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டும். எது நல்லது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். பக்கத்துப் பள்ளிகளில் எதை எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். உளவியல் துறை என்பது பெரும்பாலும் ஒரே ஆள்தான். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதற்கு நீங்கள் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?" என்று கேட்க இன்னொருவர் இருப்பது வேறு எதையும்விடப் பெரிய உதவி. நான் ஏ.கியூ.ஏ.வைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுதான். அதனால் கீழே வரும் விவரங்களும் பெரும்பாலும் ஏ.கியூ.ஏ. சார்ந்தவை.

வாரியம் முடிவானதும் பாடத்திட்டத்தை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். அது பெரிய ஆவணம் இல்லை, ஒரு மாலையில் படித்துவிடலாம். அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் ஆய்வையோ கோட்பாட்டையோ மட்டும்தான் கேள்வியில் பெயர் சொல்லிக் கேட்க முடியும். மற்ற இடங்களில் எந்த ஆய்வைச் சொல்வது என்பது உங்கள் விருப்பம். இது தெரியாமல் நான் பாடநூலை அட்டை முதல் அட்டை வரை நடத்தப் புறப்பட்டேன். ஃப்ராய்டின் கனவு விளக்கத்துக்கு மட்டும் இரண்டு வாரம் போயிற்று. வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது உண்மைதான், ஆனால் பாடத்திட்டத்தில் அப்படி ஒரு வரியே இல்லை.

இன்னொன்று: கையில் இருப்பது எந்தப் பதிப்பு, அதன் முதல் தேர்வு எந்த ஆண்டு என்று பாருங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பின் முடிவில் மொத்தமாகத் தேர்வெழுதும் இப்போதைய முறை 2015 செப்டம்பரில் தொடங்கியது, அதன் முதல் தேர்வு 2017இல் நடந்தது. அதற்குப் பிறகும் வாரியங்கள் திருத்தங்கள் செய்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பவர்பாயின்ட்கள் எந்தக் காலத்தவை என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

மணிக்கணக்கு

ஒரு ஏ லெவலுக்கு 360 மணி நேரக் கற்பித்தல் என்பது காகிதக் கணக்கு. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தாலும், 13ஆம் ஆண்டு (சிக்ஸ்த் ஃபார்மின் இரண்டாம் ஆண்டு) மே மாதத்திலேயே தேர்வு தொடங்கிவிடும். மாதிரித் தேர்வு, பல்கலைக்கழக ஓப்பன் டே, பனி விழுந்த நாள் எல்லாம் போக 300 மணி நேரம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். அந்த 300க்குத் திட்டம் போடுங்கள். 13ஆம் ஆண்டு மார்ச் முடிவதற்குள் புதுப் பாடம் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது.

ஏ.கியூ.ஏ.வில் மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 96 மதிப்பெண். முதல் தாளில் சமூகத் தாக்கம், நினைவு, குழந்தைப் பருவப் பிணைப்பு, உளநோய்கள். இரண்டாவதில் உளவியலின் அணுகுமுறைகள், உயிரியல் அடிப்படை, ஆய்வு முறைகள். மூன்றாவதில் பொதுவான விவாதங்களும், நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று விருப்பத் தலைப்புகளும்.

தாளின் வரிசையிலேயே நடத்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நான் நினைவிலிருந்து தொடங்குகிறேன். காரணம் சுயநலம்தான்: எப்படிப் படித்தால் மறக்காது என்பதை முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டால், மீதி இரண்டு வருடம் அதையே சொல்லி மிரட்டலாம். ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவினர் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். இதை வகுப்பில் சொன்ன நாளிலிருந்து, ஒவ்வொரு பாடமும் ஐந்து கேள்வியோடு தொடங்கும்: இரண்டு போன பாடத்திலிருந்து, இரண்டு போன வாரத்திலிருந்து, ஒன்று எங்கோ மறந்துபோன மாதத்திலிருந்து. முனகுவார்கள், முனகட்டும்.

விருப்பத் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. குற்றவியல் உளவியல் என்றால் பிள்ளைகள் பறப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள். உணவுப் பழக்கம் என்ற தலைப்பில் அனோரெக்சியா, அதாவது சாப்பாட்டைத் தவிர்த்து உடலை வருத்தும் நோய், வரும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், முதல் வருட ஆசிரியராக அதைத் தொடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்கிட்சோஃப்ரினியாவை (மனச்சிதைவு நோய்) எடுத்தேன். அதிலும் கவனம் வேண்டும், ஆனால் அது கையாளக்கூடிய கவனம்.

முதல் வகுப்பு

வருகிறவர்களில் பலர் ஜி.சி.எஸ்.இ.யில் (பதினாறு வயதில் எழுதும் தேர்வு) உளவியல் படித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் பல பள்ளிகளில் அது கிடையாது. அவர்கள் மனதில் இருக்கும் உளவியல் என்பது தொடர் கொலைகாரர்களும், சாய்வு நாற்காலியும், "மிஸ், நான் என்ன நினைக்கிறேன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பதும்தான். அந்த எதிர்பார்ப்பைத் திட்டிக் கலைக்காதீர்கள். அந்த ஆர்வத்தில்தான் அவர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நான் பாடத்திட்டத்தையோ மதிப்பெண் முறையையோ முதல் நாளில் காட்டுவதில்லை. கதவைச் சாத்திவிட்டு பதினைந்து சொற்களை மெதுவாக வாசிப்பேன்: படுக்கை, ஓய்வு, விழிப்பு, களைப்பு, கனவு, போர்வை, கொட்டாவி என்று போகும் (வகுப்பில் ஆங்கிலத்தில்தான்). பிறகு நினைவிலிருப்பதை எழுதச் சொல்வேன். "'தூக்கம்' என்று எழுதியவர்கள் கை தூக்குங்கள்." நாலைந்து கைகளாவது உயரும், சில வருடம் பாதி வகுப்பு. நான் அந்தச் சொல்லை வாசிக்கவே இல்லை என்றால் நம்ப மாட்டார்கள், சண்டைக்கு வருவார்கள். ரோடிகரும் மெக்டெர்மட்டும் 1995இல் பிரபலப்படுத்திய சோதனை இது.

ஆச்சரியம் அடங்கியதும் ஒரே கேள்வி: "இதை வைத்து மனித நினைவைப் பற்றி என்ன சொல்லலாம்? எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?" யாராவது, "நாம் இருபது பேர்தானே, மிஸ்" என்பார்கள். இன்னொருவர், "சொற்களை வேறு வரிசையில் வாசித்திருந்தால்?" என்பார். மூன்றாவது ஒருவர், பின் வரிசையிலிருந்து, "முன்னால் இருப்பவர் எழுதியதைப் பார்த்து எழுதினேன்" என்று ஒப்புக்கொள்வார். மாதிரி அளவு, கட்டுப்பாடு, குழப்பும் மாறி (முடிவைக் கெடுக்கும் வேறு காரணி) மூன்றும் பெயர் இல்லாமலேயே வந்துவிட்டன. பெயரை அடுத்த வாரம் கொடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வு முறைகளைத் தள்ளிப்போடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள். இரண்டாம் தாளில் பாதி, 48 மதிப்பெண், ஆய்வு முறைகள். மற்ற தாள்களிலும் தலையைக் காட்டும். மூன்று தாளும் சேர்த்து மதிப்பெண்களில் குறைந்தது பத்து சதவீதம் கணிதத் திறனுக்கு. இதை ஒரு தனி அத்தியாயமாக, வறட்டுத் தலைப்பாக, கோடைப் பருவத்துக்குத் தள்ளிவைப்பதுதான் புது ஆசிரியர்கள் செய்யும் முதல் தவறு. நானும் செய்தேன். பிள்ளைகளுக்கு அதற்குள் உளவியல் என்றால் கதை என்று பதிந்துவிட்டது. திடீரென்று கருதுகோள், மாறி, பரவல் என்றதும், "இது வேறு பாடம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இப்போது வாரத்துக்கு ஒரு மணி நேரம் முதல் வாரத்திலிருந்தே அதற்குத்தான். அதுவும் செய்துதான், எழுதி அல்ல. உதாரணத்துக்கு ஸ்ட்ரூப் சோதனை, 1935இலிருந்து வகுப்பறைகளைக் காப்பாற்றிவரும் சோதனை. 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் அச்சாகியிருக்கும். சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். நிறமும் சொல்லும் பொருந்தும் பட்டியலுக்கு ஒரு நேரம், பொருந்தாத பட்டியலுக்கு ஒரு நேரம். எல்லோரிடமும் செல்பேசி இருக்கிறது, நிறுத்துக்கடிகாரத்துக்குப் பஞ்சமில்லை.

இந்த ஒரு சோதனையிலிருந்து மூன்று வகுப்பு ஓட்டலாம். ஒரே ஆள் இரண்டையும் செய்வதால் இது எந்த வடிவமைப்பு? எல்லோரும் பொருந்தாத பட்டியலை இரண்டாவதாகச் செய்தால் களைப்போ பழக்கமோ முடிவைக் கெடுக்காதா? அப்படியானால் பாதிப்பேர் இதை முதலில், பாதிப்பேர் அதை முதலில். அப்புறம் முடிவுகளைப் பலகையில் எழுதி, குறிச் சோதனையை (ஒவ்வொருவருக்கும் நேரம் கூடினால் +, குறைந்தால் − என்று குறியிட்டு எண்ணும் சோதனை) கையால் போடச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் 14 பேர் இருந்து, 12 பேருக்கு நேரம் கூடி, ஒருவருக்குக் குறைந்து, ஒருவருக்கு மாறாமல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மாறாதவரை விட்டுவிட்டால் எண்ணிக்கை 13. குறைவாக வந்த குறி ஒன்றுதான், ஆகவே சோதனை மதிப்பு 1. 0.05 மட்டத்தில், ஒருமுனைக் கருதுகோளுக்கு (எந்தத் திசையில் மாறும் என்று முன்கூட்டியே சொல்வது), அட்டவணை சொல்லும் எல்லை 3. நம்முடையது அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருப்பதால் முடிவு குறிப்பிடத்தக்கது. ஏ.கியூ.ஏ.வில் கையால் கணக்குப் போட வேண்டிய புள்ளியியல் சோதனை இது ஒன்றுதான். மற்றவற்றை எங்கே எப்போது பயன்படுத்துவது என்று தெரிந்தால் போதும்: வித்தியாசம் தேடுகிறோமா தொடர்பு தேடுகிறோமா, அதே ஆட்களா வேறு ஆட்களா, தரவு எந்த மட்டத்தில் இருக்கிறது. இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் எந்தச் சோதனை என்பது தானாக வந்துவிடும்.

என் வகுப்பில் ஒரு தனி அயிட்டம் உண்டு. அதே பட்டியலைத் தமிழ் எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. மையின் நிறத்தைக் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். நான் திணறுவேன். "மிஸ் மட்டும் ஏன் தடுமாறுகிறார்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டால் போதும். வாசிப்பு என்பது நாம் நிறுத்த நினைத்தாலும் நிற்காத பழக்கம் என்ற விளக்கத்துக்கு அவர்களே வந்து சேர்வார்கள். உங்களுக்குத் தமிழ் தெரிவது இந்த வேலையில் நேரடியாகப் பயன்படும் இடம் இது.

சொற்களில் கறாராக இருங்கள். 'நிரூபித்தது' என்ற சொல்லுக்கு என் வகுப்பில் தடை. ஓர் ஆய்வு ஒரு கருத்துக்கு வலுச்சேர்க்கும் அல்லது சேர்க்காது, அவ்வளவுதான். நம்பகத்தன்மையும் செல்லுபடித்தன்மையும் ஒன்றல்ல: தினமும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் தராசு நம்பகமானது, ஆனால் தவறானது. எதிர்மறை வலுவூட்டல் தண்டனை ஆகாது, ஒரு தொல்லை நீங்குவதால் ஒரு பழக்கம் வலுப்படுவது அது. சீட் பெல்ட் போட்டதும் கார் கூச்சலை நிறுத்துகிறதே, அதுதான். இந்த மூன்றிலும் பிள்ளைகள் 13ஆம் ஆண்டு வரை தடுக்கி விழுவார்கள். சலிக்காமல் திருத்த வேண்டியதுதான்.

புகழ்பெற்ற ஆய்வுகளைச் சொல்லும் விதம்

மில்கிராமின் கீழ்ப்படிதல் ஆய்வை நடத்தும்போது முடிவை முதலில் சொல்லாதீர்கள். 40 ஆண்கள், தப்பாகப் பதில் சொல்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும் (அது பொய் அதிர்ச்சி என்று அவர்களுக்குச் சொல்லவில்லை), சாம்பல் நிறக் கோட்டுப் போட்டவர் தொடரச் சொல்கிறார், 450 வோல்ட் வரை பொத்தான்கள். எத்தனை பேர் கடைசிவரை போயிருப்பார்கள் என்று ஓட்டுப் போடச் சொல்லுங்கள். மில்கிராமும் ஆய்வுக்கு முன் யேல் பல்கலைக்கழக உளவியல் மாணவர்கள் 14 பேரைக் கேட்டார். மூன்று சதவீதத்துக்கு மேல் யாரும் சொல்லவில்லை. 1963இல் அவர் வெளியிட்ட முடிவு 65 சதவீதம். வகுப்பில் விழும் மௌனத்தை உடனே கலைத்துவிடாமல் சற்று விட்டுவையுங்கள். பிறகு மாற்று வடிவங்களுக்கு வாருங்கள்: உத்தரவு தொலைபேசியில் வந்தபோது 20.5 சதவீதம், ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் நடந்தபோது 47.5 சதவீதம். எது மாறியதால் எண் மாறியது என்று கேட்டால், சூழ்நிலைக் காரணிகள் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

அதோடு நிறுத்தக் கூடாது. மின்னதிர்ச்சி உண்மையானது என்று எல்லோரும் நம்பினார்களா என்ற கேள்வி உண்டு. மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த ஜிம்பார்டோவின் 1971 ஸ்டான்ஃபோர்டு சிறை ஆய்வுக்கு இன்னும் அதிகச் சிக்கல். இரண்டு வாரம் திட்டமிட்டது ஆறாம் நாளில் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். காவலர்களாக நடித்தவர்களுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பது பின்னாளில் ஆவணங்களைத் தோண்டியபோதுதான் வெளியே வந்தது. ரைஷரும் ஹாஸ்லமும் பி.பி.சி.யோடு சேர்ந்து நடத்திய சிறை ஆய்வில் காவலர்கள் கொடுமைக்காரர்களாக மாறவே இல்லை.

"அப்புறம் எதுக்கு மிஸ் இதைப் படிக்கிறோம்?" என்று ஒரு பையன் கோபமாகவே கேட்டான். ஏமாற்றப்பட்ட கோபம். அந்த ஆண்டு அவன் எழுதிய மதிப்பீட்டுப் பத்திகள்தான் வகுப்பிலேயே கூர்மையானவை.

இந்த ஆய்வுகளை வகுப்பில் நடித்துக் காட்டும் ஆசை வரும். வேண்டாம். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் ஆஷின் ஆய்வைப்போல ஒருவரை மட்டும் ஏமாற்றி மற்றவர்கள் சிரிக்கும் ஏற்பாடு, பதினாறு வயதில் ஒரு பருவம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். இணங்கிப்போதலைக் காட்ட 1932இல் ஜென்னஸ் செய்ததுபோல் ஒரு பாட்டிலில் பீன்ஸ் விதை போட்டு, தனியாக ஒரு மதிப்பு, குழுவாகப் பேசி ஒரு மதிப்பு, மறுபடி தனியாக ஒன்று எழுதச் சொல்லுங்கள். யாருக்கும் அவமானம் இல்லை, அதே பாடம் கிடைக்கிறது. மாணவர்களே செய்யும் எந்த ஆய்வுக்கும் முன்னால் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அறநெறிக் கோட்பாட்டை ஒருமுறை வாசிக்க வையுங்கள். தம்பி தங்கைகளைப் பிடித்துச் சோதனை செய்வதை வெளிப்படையாகத் தடை செய்யுங்கள். சொல்லாவிட்டால் கட்டாயம் செய்வார்கள்.

பதினாறு மதிப்பெண் கட்டுரை

இரண்டு மணி நேரத்துக்கு 96 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 75 வினாடி. பதினாறு மதிப்பெண் கட்டுரைக்கு இருபது நிமிடம். அதில் விவரிப்புக்கு ஆறு, மதிப்பீட்டுக்குப் பத்து. பிள்ளைகள் எழுதுவது நேர்தலைகீழ்: ஆய்வை ஒன்றரைப் பக்கம் விவரித்துவிட்டு, கடைசியில் அவசர அவசரமாக நான்கு குறைகளை அடுக்குவார்கள்.

பிரச்சினை அந்த அடுக்கில் இருக்கிறது. லாஃப்டஸும் பால்மரும் 1974இல் கார் விபத்துப் படத்தைக் காட்டி, கேள்வியில் 'நொறுங்கியது' என்ற சொல்லைப் போட்டபோது, 'தொட்டது' என்ற சொல்லைப் போட்டபோது சொன்னதைவிட, படம் பார்த்தவர்கள் மணிக்கு ஒன்பது மைல் அளவுக்கு அதிக வேகம் சொன்னார்கள் என்று கண்டார்கள். இதற்கு மாணவர் எழுதும் மதிப்பீடு: "இது செயற்கையான ஆய்வு, ஆகவே செல்லுபடித்தன்மை குறைவு." இந்த வரியை எந்த ஆய்வுக்குக் கீழேயும் ஒட்டலாம், அதனால் மதிப்பில்லை. அதையே இப்படி நீட்டச் சொல்லுங்கள்: படம் பார்த்த மாணவர்களுக்குப் பயமும் இல்லை, பதிலால் விளையும் பின்விளைவும் இல்லை. உண்மைச் சாட்சிக்கு இரண்டும் உண்டு. யூயிலும் கட்ஷாலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவில் நடந்த உண்மையான துப்பாக்கிச் சூட்டின் சாட்சிகளை நான்கைந்து மாதம் கழித்துப் பேட்டி கண்டபோது, திசைதிருப்பும் கேள்விகளுக்குப் பிறகும் நினைவு பெரும்பாலும் துல்லியமாக இருந்தது. ஆகவே கேள்வியின் சொல் நினைவைக் கெடுக்கும் என்ற முடிவை நீதிமன்றச் சாட்சிகளுக்கு அப்படியே நீட்ட முடியாது. இது ஒரு முழுப் புள்ளி. இப்படி மூன்று போதும், ஏழு அரைகுறைகள் வேண்டாம்.

பயிற்சிக்கு நான் வைத்திருக்கும் ஒரே கருவி, "அதனால் என்ன?" என்ற கேள்வி. ஓரத்தில் சிவப்பில் அதை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். இரண்டு மாதத்தில் அவர்களே ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கிவிடுவார்கள். முழுக் கட்டுரையை முதல் பருவத்தில் கேட்க வேண்டாம். ஒரு பத்தி, அப்புறம் இரண்டு பத்தி, பிப்ரவரி வாக்கில் முழுசு.

வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் வாழ்க்கை

உயிரியலில் இதயத்தைப் பற்றி நடத்தும்போது யாரும் அழுதுகொண்டு வெளியே போனதில்லை. இங்கே போவார்கள்.

குழந்தைப் பருவப் பிணைப்பைத் தொடங்கிய முதல் வருடம், "சின்ன வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வாருங்கள்" என்று ஹோம்வொர்க் கொடுத்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதி வந்தார்கள், ஒருவரைத் தவிர. அந்தப் பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பது பள்ளிப் பதிவிலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையோடு பரவாயில்லை என்றது, ஆனால் அந்தப் பருவம் முழுக்க என் கண்ணைப் பார்க்கவில்லை. வகுப்புப் பட்டியல் கையில் வந்ததும், யார் பராமரிப்பில் இருக்கிறார்கள், யார் பெற்றோரை இழந்திருக்கிறார்கள், யாருக்கு உளநல உதவி நடக்கிறது என்று பொறுப்பானவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாய்ப் பிரிவால் நிரந்தரச் சேதம் வரும் என்ற பௌல்பியின் வாதத்தை நடத்தும் அன்றே, அதற்கு எதிரான சான்றுகளையும் நடத்திவிடுங்கள். மறு வாரத்துக்கு விட்டால், அந்த ஒரு வாரத்தை யாரோ ஒருவர் தனியாகச் சுமக்க நேரும்.

பிணைப்பு முறைகளை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பாடத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டில் பாட்டியும் சித்தியும் சேர்ந்து வளர்த்த பிள்ளைகள், "எங்கள் குடும்ப முறை தப்பா?" என்ற கேள்வியோடு உட்கார்ந்திருப்பார்கள். வான் ஐசன்டோர்னும் க்ரூனென்பெர்கும் 1988இல் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நாடுகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு அதிகம் என்றே கண்டார்கள். அதைப் பலகையில் பெரிதாக எழுதுங்கள்.

உளநோய்கள் பகுதியில் அச்சநோய், மனச்சோர்வு, ஓ.சி.டி. (விடாத எண்ணங்களும், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் வரும் நோய்) மூன்றும் வரும். பேனாவை வரிசையாக அடுக்குகிறவர்கள் எல்லோரும் தங்களுக்கு ஓ.சி.டி. என்பார்கள். அதற்கு நோயறிதலின் அளவுகோல்களை நிதானமாகக் காட்டினால் போதும். உண்மையான சிக்கல் சத்தம் போடாமல் வரும். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் பையை மெதுவாக மூடிக்கொண்டு நிற்பார். அப்போது கேளுங்கள், ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுக்கவும் கூடாது. பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே, எழுத்தில், பிள்ளை சொன்ன சொற்களிலேயே தெரிவியுங்கள். நீங்கள் உளவியல் நடத்துகிறவர், உளவியலாளர் அல்ல. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, சில பெற்றோருக்கும் தெரியாது. பெற்றோர் சந்திப்பில், "இவனுக்கு என்னதான் பிரச்சினை என்று நீங்களே சொல்லுங்கள்" என்று ஒரு தந்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவனுடைய கட்டுரை மதிப்பெண்ணைக் காட்டினேன்.

மீதி நடைமுறைகள்

முந்தைய வினாத்தாள்களும் மார்க் ஸ்கீமும் வாரியத்தின் தளத்தில் கிடைக்கும். 2020, 2021 கோடைத் தேர்வுகள் கொரோனாவால் நடக்கவில்லை, ஆகவே அந்த ஆண்டுகளுக்கு வழக்கமான தாள்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மார்க் ஸ்கீமைவிடப் பயனுள்ளது தேர்வாளர் அறிக்கை: எந்தக் கேள்வியில் பிள்ளைகள் எங்கே வழுக்கினார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். மிகப் புதிய தாளை மட்டும் மாதிரித் தேர்வுக்காகத் தனியே வைத்துவிடுங்கள்.

12ஆம் ஆண்டுக் கோடையில் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக எதிர்பார்ப்பு மதிப்பெண் கேட்பார்கள். முதல் வருடம் ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய வகுப்பு இருக்காது. ஒரு முழுத்தாளை நேரம் வைத்து எழுதவைத்து, பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு பத்துத் தாள்களை மாற்றித் திருத்துங்கள். நான் போட்டதைவிட அவர் சராசரியாக இரண்டு மூன்று மதிப்பெண் குறைத்தே போட்டார். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

உளவியல் ஆசிரியர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, சேர்ந்துவிடுங்கள். ஓரிரண்டு ஆண்டு போனதும் வாரியத்துக்கு விடைத்தாள் திருத்த விண்ணப்பியுங்கள். பணம் சொற்பம்தான், ஆனால் நூற்றுக்கணக்கான விடைகளை அடுத்தடுத்துப் பார்த்த பிறகு உங்கள் கண்ணே மாறிவிடும்.

ஆகஸ்ட் நடுவில் ஏ லெவல் முடிவு வரும். கிரேடுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோ வருந்தியோ முடிந்ததும், வாரியத்தின் தளத்தில் கேள்விவாரியாக மதிப்பெண்ணைத் திறந்து பாருங்கள். மாணவர் சம்மதத்தோடு நாலைந்து விடைத்தாள்களையும் வரவழைக்கலாம். என் முதல் வகுப்பு நினைவில் நன்றாகச் செய்திருந்தது. சமூகத் தாக்கமும் மோசமில்லை. இரண்டாம் தாளின் அந்த 48இல்தான் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தார்கள். அன்று மாலையே செப்டம்பர் கால அட்டவணையை எடுத்து, ஆய்வு முறைகள் என்ற கட்டத்தைக் கோடைப் பருவத்திலிருந்து வெட்டி முதல் வாரத்தில் ஒட்டினேன்.